உப்பு கூடினால் கார்பன் கூடுமா? கிரீன் ரிவர் ஏரிப் படிவுகளின் கணக்கு

கொலராடோவின் பிசியான்ஸ் படுகையில் மஹோகனி என்று ஓர் எண்ணெய்ப் பாறைத் தொகுதி, அதாவது சூடாக்கினால் எண்ணெய் தரும் ஏரிப் படிவு, இருக்கிறது. மஹோகனி மரத்தின் நிறம் என்பதால் அந்தப் பெயர். புதிதாக உடைத்த முகம் கரும்பழுப்பு. வெயிலும் மழையும் பட்ட முகத்தில் வெளிர் நீலச் சாம்பல் படிந்திருக்கும். கையில் எடுத்தால் பாறைக்குரிய கனம் இருக்காது. சுத்தியலால் அடித்தால் வளம் குறைந்த அடுக்கு சில்லுசில்லாகப் போகும். வளமான அடுக்கோ சுத்தியலைத் திருப்பி அடிக்கும். கத்தியால் சீவினால் சுருண்டு வரும். அந்தச் சீவலைத் தீக்குச்சியில் காட்டினால் புகைந்து எரியும், தார் வாடை வீசும்.

கொலராடோ, யூட்டா, வயோமிங் மூன்றிலும் பரவிக் கிடக்கும் கிரீன் ரிவர் படிவுகளின் ஒரு பகுதி இது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2009 முதல் 2011 வரை வெளியிட்ட மதிப்பீடுகளில் பிசியான்ஸுக்கு 1.5 லட்சம் கோடி பீப்பாய் எண்ணெய், யூன்டா படுகைக்கு 1.32, கிரீன் ரிவர் படுகைக்கு 1.44 என்று கணக்கு. தரைக்குள் இருப்பதுதான் அவ்வளவு. எடுக்க முடிவது வேறு கதை. ஏரி என்று பார்த்தால் இவை ஈயசீன் காலத்து ஏரிகள். சுமார் 5.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, பல பத்து லட்சம் ஆண்டுகள் விரிந்தும் சுருங்கியும் கிடந்தவை. யூன்டா மலைக்கு வடக்கே இருந்ததற்கு கோசியூட் ஏரி என்றும், தெற்கே இருந்ததற்கு யூன்டா ஏரி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் மலைகள் எழும்பி வடிகாலை அடைத்துவிட்டதால், நீண்ட காலங்களுக்கு உள்ளே வந்த தண்ணீருக்கு ஆவியாவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இவ்வளவு கார்பன் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால் எங்கும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ஏரியில் பாசி பொங்கியது, செத்து அடியில் விழுந்தது, உப்பு அதைக் காப்பாற்றியது. இந்தப் பதிலை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு துண்டும் ஓரளவு உண்மைதான், ஆனால் எடை போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. போட்டே பார்த்துவிடலாம்.

புவியியலாளர் வில்மாட் பிராட்லி 1929இல் இந்தப் பாறைகளின் மெல்லடுக்குகளை நுண்ணோக்கியில் எண்ணினார். கருத்த கரிம இழை ஒன்று, வெளுத்த கார்பனேட் இழை ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. வளமான எண்ணெய்ப் பாறையில் அந்த இணை ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர். பிற்பாடு இடையிலுள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளைக் கதிரியக்க முறையில் காலம் கணித்தபோது, அவர் கணக்கு அடிப்படையில் சரியான வரிசையில்தான் இருந்தது என்று தெரிந்தது. ஒரு சதுர மீட்டரில் 0.04 மில்லிமீட்டர் என்றால் 40 கன சென்டிமீட்டர். அடர்த்தி 2 என்று வைத்தால் 80 கிராம். அதில் 15 சதவீதம் கார்பன் என்றால் 12 கிராம்.

ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 12 கிராம். கலிஃபோர்னியாவின் மோனோ ஏரி போன்ற இன்றைய சோடா ஏரிகளில் பாசி ஆண்டொன்றுக்குச் சில நூறு கிராமிலிருந்து ஆயிரம் கிராம் வரை கார்பனைக் கட்டுகிறது. அதில் ஒன்று முதல் நான்கு சதவீதம் தங்கினாலே மஹோகனிக்குப் போதும். ஆகவே பாசி அதிசயமாகப் பொங்கியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. கவனிக்க வேண்டியது மீதி 68 கிராமை. இதே 12 கிராம் கார்பன் விழுந்த இடத்தில் ஆறு ஒன்று ஆண்டுக்கு 500 கிராம் களிமண்ணைக் கூடுதலாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தால், மொத்தம் 580 கிராம், கார்பன் 2 சதவீதம். பாறை சாதாரணச் சாம்பல் களிக்கல்லாகப் போயிருக்கும், யாரும் ஒரு பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

உற்பத்தி, அழிவு, கலப்பு (கரிமத்தோடு சேர்ந்து விழும் மண்ணும் உப்பும்) என்று மூன்று உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இந்தத் துறையில் உண்டு. உப்பேரிகளைப் பற்றிப் பேசும்போது முதல் இரண்டுக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு மூன்றாவதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில் மூன்றாவதுதான் தலை.

சோடாவா, ஜிப்சமா

உப்பேரி என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த உப்பு என்பது ஆற்று நீர் உள்ளே வரும்போதே முடிவாகிவிடுகிறது. ஹார்டியும் யூக்ஸ்டரும் 1970இல் இதைத் தெளிவாக வரைந்து காட்டினார்கள். நீர் ஆவியாகும்போது முதலில் கால்சைட் படிகிறது. அதற்கு ஒரு பங்கு கால்சியமும் இரண்டு பங்கு பைகார்பனேட்டும் தேவை. ஆற்று நீரில், மோல் கணக்கில், பைகார்பனேட் அந்த இரண்டு மடங்கைவிட அதிகமாக இருந்தால் கால்சியம் முழுக்கத் தீர்ந்துபோய், மிச்சம் பைகார்பனேட்டாகவே நிற்கும். அது சோடா ஏரி, பிஎச் 9, 10 வரை ஏறும். கால்சியம் மிஞ்சினால் அடுத்து ஜிப்சம் படியும், பைகார்பனேட் துடைத்தாற்போல் காலி. தொடக்கத்தில் சின்ன வித்தியாசம். ஏரி நூறு மடங்கு வற்றிய பிறகு இரண்டும் வெவ்வேறு உலகம்.

கிரீன் ரிவர் ஏரிகள் பெரும்பாலும் சோடா பக்கம் போனவை. 1938இல் வயோமிங்கில் எண்ணெய் தேடித் தோண்டிய ஆழ்துளையில் ட்ரோனா என்ற சோடா உப்புக் கனிமம் வந்தது அதன் அடையாளம். இன்று அது உலகின் மிகப் பெரிய ட்ரோனா படிவு. பிசியான்ஸ் பக்கம் நாகோலைட்டும் (சோடியம் பைகார்பனேட்) டாசனைட்டும் (சோடியமும் அலுமினியமும் சேர்ந்த கார்பனேட்). கார்பன் சேர்வதைப் பொறுத்தவரை இந்தக் கிளைப் பிரிவுக்கு இரண்டு விளைவுகள். ஒன்று, கால்சியம் இல்லாத நீரில் பாஸ்பேட் அபடைட் என்ற கால்சியக் கனிமமாகக் கெட்டிப்பட்டு வெளியேறாது, கரைந்தே கிடக்கும். பைகார்பனேட்டும் ஏராளம் என்பதால் பாசிக்குக் கார்பனுக்கும் பஞ்சமில்லை, பாஸ்பரஸுக்கும் பஞ்சமில்லை. மோனோ ஏரியில் தட்டுப்பாடு நைட்ரஜனுக்குத்தான். இரண்டு, சல்பேட். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுக்கு விழுந்த ஏரி

தண்ணீர் அடுக்கடுக்காக நிற்பதற்கு வெப்பநிலை வேறுபாடும் போதும், உப்பு வேறுபாடும் போதும். ஆனால் இரண்டின் பலமும் ஒன்றல்ல. நன்னீர் 20 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குச் சூடானால் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ குறையும். லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் உப்பு கூடினாலே அதே அளவு அடர்த்தி ஏறிவிடும். வெப்பத்தால் வந்த அடுக்கு குளிர்காலத்தில் கலைந்துவிடும். கனத்த உப்புநீரின் மேல் வெள்ள நீர் வந்து படர்ந்தால், அந்த அடுக்கு குளிர்காலங்களைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் நிற்கும். 1983இல் மோனோ ஏரிக்குப் பனியுருகு நீர் பெருமளவு வந்தது. மேல்நீரும் கீழ்நீரும் 1988 வரை முழுதாகக் கலக்கவே இல்லை. சாக்கடலில் அப்படிப்பட்ட அடுக்கு பல நூற்றாண்டு நின்று, மேல்நீர் உப்பேறிக்கொண்டே வந்து, 1979இல்தான் குலைந்தது.

அடுக்கு நின்றால் அடிநீருக்கு ஆக்சிஜன் போகாது. போனாலும் அதிகம் கரையாது: 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், கடல்நீர் 7க்குக் கீழே, ஹாலைட் (சாப்பாட்டு உப்பு) படியும் நிலையிலுள்ள கரைசல் 2 மில்லிகிராம் அளவுக்கு. புழு, சங்கு, நத்தை எதுவும் அடியில் இருக்க முடியாது. யாரும் மண்ணைக் கிளறாததால்தான் 0.04 மில்லிமீட்டர் இழைகள் குலையாமல் நின்றன, பிராட்லி எண்ணவும் முடிந்தது. கிளறல் இல்லாத அடுக்கு என்பதே அடியில் ஆக்சிஜன் இல்லாததற்கு நேரடிச் சான்று. ஆய்வகத்துக்குப் போகாமலே பத்து மடங்கு லென்ஸில் பார்த்துவிடலாம்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, அதைப் பலரும் சொல்வதில்லை. அடுக்கு நின்றால் அடியில் அழுகி வெளிவரும் அம்மோனியம் அடியிலேயே சிக்கிக்கொள்ளும். மேலே பாசிக்கு நைட்ரஜன் வராது. மோனோவில் 1980களின் அடுக்குக் காலத்தில் உற்பத்தி விழுந்ததும், கலந்தவுடன் ஏறியதும் அளந்து பதிவானவை. அதாவது, காப்பாற்றும் நிலையும் விளைவிக்கும் நிலையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பதில்லை. ஏரி அவ்வப்போது கலந்து, பெரும்பாலும் அடுக்காக நிற்பதுதான் சேமிப்புக்கு உகந்தது. எப்போதும் உறைந்துபோய் அடுக்காகவே நின்ற ஏரி வளமாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

யார் தின்கிறார்கள் என்பதும் உப்பைப் பொறுத்ததே. உப்பு ஏற ஏற மீன் போகும், மெல்லுடலி போகும், கடைசியில் உப்பு இறால் மட்டும் மிஞ்சும். அது மிஞ்சுவது கார்பனுக்கு நல்லதா கெட்டதா? இரண்டும். தின்பது இழப்பு. ஆனால் அதன் கழிவு உருண்டையாகி வேகமாக அடியில் இறங்கிவிடும். மிதந்துகொண்டே அழுகும் நேரம் மிச்சம். இன்னும் உப்பு ஏறினால் இறாலும் போய், டுனாலியெல்லா என்ற பாசியும் ஹாலோஆர்க்கியா என்ற செந்நிற நுண்ணுயிரும்தான். தூத்துக்குடி உப்பளத்தின் கடைசிப் பாத்தி சிவப்பதும், மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி 2020 ஜூனில் ரோஜா நிறமானதும் இந்தக் கூட்டத்தின் வேலை. பார்க்கப் பகட்டாக இருக்கும். அடியில் சேர்வது குறைவு. உப்பளத்தில் தடித்த பாசிப் பாய் விரிவது நடுத்தரச் செறிவுள்ள பாத்திகளில், ஜிப்சம் படியும் கட்டம் வரை. அதற்கு மேல் உப்பு ஏறினால் பாய் மெலிந்துவிடும்.

உப்பு காப்பாற்றுமா?

உப்பில் ஊறிய மாங்காய் கெடாத மாதிரி ஏரியின் கரிமப் பொருளும் கெடவில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாதி சரி. உப்பில் வாழும் பாக்டீரியா ஒவ்வொன்றும் செல்லுக்குள் நீர் தங்குவதற்குக் கரிமச் சேர்மங்களைத் தயாரித்தோ பொட்டாசியத்தை உள்ளிழுத்தோ ஈடுகட்ட வேண்டும். அதற்கு ஆற்றல் செலவு. வருமானம் குறைவான தொழில் செய்யும் பாக்டீரியாவால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. நுண்ணுயிரியலாளர் ஆஹரோன் ஓரென் 1999இல் தொகுத்த கணக்குப்படி, ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டைக் கொண்டு எரிக்கும் சல்பேட் பாக்டீரியாவில், அழுகலில் வரும் அசிட்டேட்டை முழுதாக எரிக்கும் வகை 12, 13 சதவீத உப்பில் நின்றுவிடுகிறது. லாக்டேட்டைப் பாதி எரிக்கும் வகை 24 சதவீதம் வரை தாக்குப்பிடிக்கிறது. அசிட்டேட்டிலிருந்து மீத்தேன் தயாரிப்பவை 4 சதவீதத்தைத் தாண்டுவதே சிரமம். ஆக, உப்பு ஏறினால் அழுகல் ஒரேயடியாக நிற்பதில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, பாதி எரிந்த சரக்கு தேங்குகிறது.

சல்பேட் இருக்கும்வரை அந்தத் தேக்கமும் பாதுகாப்பானதல்ல. 96 கிராம் சல்பேட் 24 கிராம் கார்பனை எரிக்கும். மோனோ ஏரி நீரில் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் சல்பேட். அடியில் ஒரு மீட்டர் தடிமனுக்கு நிற்கும் நீரை மட்டும் எடுத்தால் சதுர மீட்டருக்கு 10 கிலோ சல்பேட். அதன் எரிதிறன் 2.5 கிலோ கார்பன். மஹோகனியின் 12 கிராம் கணக்கில் அது 200 ஆண்டுச் சேமிப்பு. அடிநீரில் ஆக்சிஜன் இல்லை, எனவே கார்பன் தப்பித்தது என்று எழுதுபவர்கள் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் எப்படித் தப்பியது? சல்பேட் வரத்து குறைந்த ஏரியில் அது தீர்ந்துவிடுகிறது. தீராத ஏரியில் வேறொன்று நடக்கிறது: வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் இரும்பைத் தேடும். இரும்பு கிடைத்தால் பைரைட். இரும்பைக் கொண்டுவருவது களிமண்தான். களிமண் வராத உப்பேரியில் இரும்பு கிடைக்காத சல்பைடு, கொழுப்புச் சங்கிலிகளின் இரட்டைப் பிணைப்புகளில் போய் ஒட்டி, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. ரப்பரைக் கந்தகம் இட்டுக் காய்ச்சுவதில் நடப்பதே ஏரி அடியில் அறை வெப்பத்தில் மெதுவாக நடக்கிறது. கட்டப்பட்ட சங்கிலியை நுண்ணுயிர் எளிதில் கடிக்க முடியாது.

சீனாவின் ஹூபே மாகாணத்து ஜியாங்ஹான் படுகை இதற்குப் பாடம். அங்கே பழைய மூன்றாம் காலத்துச் சியென்ஜியாங் படிவுகளில் ஹாலைட்டும் கருங்களிக்கல்லும் மாறி மாறி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து வரும் எண்ணெயில் கந்தகம் மிக அதிகம். கார்பனுக்கும் கந்தகத்துக்கும் இடைப்பட்ட பிணைப்பு எளிதில் உடைவதால், அந்த எண்ணெய் வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பிறந்துவிடுகிறது. மஹோகனியின் கெரோஜனோ (பாறையில் எண்ணெய்க்கு மூலமான கெட்டிக் கரிமப் பொருள்) கந்தகம் குறைந்தது. நிறைய வெப்பம் வேண்டும். பிசியான்ஸில் அது கிடைக்கவில்லை, பாறையாகவே நின்றுவிட்டது. யூன்டா படுகையின் ஆழத்தில் கிடைத்தது. அங்கே மெழுகு நிறைந்த கச்சா எண்ணெய் எடுக்கிறார்கள். இரண்டையும் உப்பேரி என்று ஒரே பெயரில் அழைத்துவிட்டு ஒரே மாதிரியை எதிர்பார்த்தால் ஆழ்துளைச் செலவு வீண்.

உப்பே கலப்படம்

இப்போது கலப்புக்கு வருவோம். உப்பேரியில் களிமண் வரத்து குறைவு என்பது சேமிப்புக்குச் சாதகம். ஆனால் ஏரி வற்றி உப்பே படியத் தொடங்கினால் அந்தச் சாதகம் தலைகீழாகிறது. சாக்கடலின் ஆழப் பகுதியில் இன்று ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் ஹாலைட் படிகிறது. சதுர மீட்டருக்கு 216 கிலோ. அதற்குள் ஆண்டுக்கு 100 கிராம் கார்பன் ஒரு துளிகூட அழுகாமல் விழுந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள், சதவீதம் 0.05ஐக்கூடத் தொடாது. பாசி அப்படி விழுவதும் இல்லை. 1979க்குப் பிறகு சாக்கடலில் டுனாலியெல்லா பொங்கியது 1980லும் 1992லும், பெருமழையால் மேல்நீர் நீர்த்த ஆண்டுகளில்தான்.

எனவே வளமான அடுக்கைத் தேட வேண்டிய இடம் உப்புப் படிவுக்குள் அல்ல, அதன் ஓரத்தில். கோசியூட் ஏரிப் படிவின் வில்கின்ஸ் பீக் என்ற பகுதியில் ட்ரோனா அடுக்குகளுக்குச் சற்றுக் கீழே பெரும்பாலும் எண்ணெய்ப் பாறை இருக்கும். ஏரி விரிந்து, ஆழமாகி, உப்பு நடுத்தரமாக, அடுக்கு விழுந்து நின்ற காலம் அது. பிறகு வற்றத் தொடங்கி ட்ரோனா படிந்தது. கேரலும் போஹாக்ஸும் 1999இல் முன்வைத்த வகைப்பாடும் இதையே வேறு கோணத்தில் சொல்கிறது: நீர்வரத்து மிகுந்து வழியும் ஏரி, வரத்தும் படுகை இறங்குவதும் ஏறக்குறைய சமமான ஏரி, வரத்து போதாத ஏரி. நடுவிலுள்ள வகையில்தான் மிக வளமான பாறைகள். வழியும் ஏரிக்கு ஆறு மண்ணைக் கொட்டுகிறது. போதாத ஏரி உப்பைக் கொட்டுகிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய சண்டையைத் தொடாமல் போக முடியாது. பிராட்லி சொன்னது ஆழமான, அடுக்கு விழுந்த ஏரி. 1973இல் யூக்ஸ்டரும் சர்டமும், இல்லை, அகலமான உப்புச் சேற்றுவெளிக்கு நடுவே கிடந்த ஆழமற்ற ஏரி என்றார்கள். வெயிலில் காய்ந்து வெடித்த சேற்றுத் தடங்களைக் காட்டினார்கள். தடங்கள் உண்மை. ஆனால் அவை வில்கின்ஸ் பீக் பகுதியில் கூட்டமாக இருக்கின்றன. மஹோகனியிலோ பல கிலோமீட்டருக்கு ஒரே இழையைத் தொடர்ந்து போக முடிகிறது. காய்ந்து வெடிக்கும் சேற்றுவெளியில் அது நடக்காது. இரு தரப்பும் வேறு வேறு அடுக்கைப் பார்த்துவிட்டு ஒரே ஏரியைப் பார்த்ததுபோல் பேசின என்பதே என் தீர்ப்பு.

ஆய்வகத்தில் ஏமாறும் இடங்கள்

மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் ஒரு எண்ணை நம்பி நிற்கின்றன: மொத்த ஆர்கானிக் கார்பன், சுருக்கமாக டிஓசி. உப்பேரி மாதிரியில் அதைப் போல ஏமாற்றும் எண் வேறில்லை.

முதலில் மாதிரி எடுப்பதிலேயே. சாதாரணத் தண்ணீர்ச் சேறு விட்டுத் தோண்டினால் ஹாலைட்டும் நாகோலைட்டும் கரைந்து ஓடி, பொத்தலான பாறைத்தண்டு மேலே வரும். எண்ணெய்ச் சேறு விட்டால் உப்பு தப்பும். ஆனால் அந்த எண்ணெய் பாறைக்குள் ஊறி, கரிமச் சோதனையின் முதல் அளவையே கெடுக்கும். எந்த உப்பு எதிர்பார்க்கப்படுகிறதோ அதே உப்பால் நிறைசெறிவான கரைசலை விட்டுத் தோண்டுவதே நடுவழி. வெட்டும்போதும் அதே விதி. தண்ணீர் பாய்ச்சும் ரம்பம் வேண்டாம். பிசியான்ஸில் மேல்பகுதியில் உப்பே இல்லையென்று தெரிந்தால் உடனே நன்னீர்ப் படிவு என்று எழுதிவிடக் கூடாது. நிலத்தடி நீர் நாகோலைட்டைக் கரைத்துக் கொண்டுபோய், வெறும் குழிகளையும் இடிந்து விழுந்த பாறைத் துண்டுகளையும் விட்டுச் சென்ற தடித்த மண்டலம் அங்கே இருக்கிறது. குழியைச் சுற்றி இழைகள் வளைந்து போகின்றனவா என்று பாருங்கள். வளைந்தால், சேறு இறுகுவதற்கு முன்பே அந்த உப்புக் கட்டி அங்கே வளர்ந்திருந்தது என்று பொருள்.

இளம் படிவுகளில் துளைநீர் உப்பு, அதாவது துகள்களுக்கு இடையில் நிற்கும் நீரின் உப்பு, வேறு. 10 கிராம் ஈரச் சேற்றில் 5 கிராம் கரைசல், அதில் 25 சதவீதம் உப்பு என்றால், உலர்த்திய பிறகு 1.25 கிராம் உப்பு தூளோடு தூளாகக் கிடக்கும். உலர் எடை 6.25 கிராம், ஐந்தில் ஒரு பங்கு ஏரி மண்ணே அல்ல. டிஓசி அதே அளவு குறைத்துக் காட்டும். உலர்த்துவதற்கு முன் அயனி நீக்கிய நீரில் கழுவி, மையவிலக்கில் சுழற்றி, மேல்நீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு துளி விட்டால் வெண்படிவு வராமல் போகும் வரை திரும்பச் செய்ய வேண்டும். கழுவிய நீரில் கரைந்த கரிமமும் போகும். அந்த நீரை வைத்திருந்து தனியாக அளந்தால்தான் கணக்கு நேராகும்.

550 டிகிரியில் எரித்து எடை இழப்பைப் பார்க்கும் மலிவு முறை, சாதாரண ஏரிச் சேற்றுக்குச் சரி. உப்பேரிக்கு வேண்டவே வேண்டாம். ஜிப்சம் நீராக 20.9 சதவீதம் எடை இழக்கும். நாகோலைட் சோடியம் கார்பனேட்டாக மாறும்போது 36.9 சதவீதம், ட்ரோனா ஏறக்குறைய 30 சதவீதம் இழக்கும். மாதிரியில் 10 சதவீதம் நாகோலைட் இருந்தாலே 3.7 சதவீதக் கரிமப் பொருள் இருப்பதாகப் பொய்க்கணக்கு வரும்.

அமிலம் விட்டுக் கார்பனேட்டைப் போக்கிவிட்டு அளப்பது சரியான வழி, ஆனால் மெக்னீசியமும் கலந்த கார்பனேட்டான டோலமைட் சோதிக்கும். குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால்சைட் பொங்கி அடங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். டோலமைட் அப்போது அசைந்திருக்கவே செய்யாது. அதன் எடையில் 13 சதவீதம் கார்பன். மாதிரியில் 10 சதவீத டோலமைட் தப்பினால் 1.3 சதவீதம் கூடுதலாகக் காட்டும். மாவாக அரைத்து, 60 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து, புது அமிலம் விட்டாலும் குமிழி வராமல் போகும் வரை விட வேண்டும். பிறகு குளோரைடு போகக் கழுவ வேண்டும்; கால்சியம் குளோரைடு மிஞ்சினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து எடையை ஏற்றிக்கொண்டே போகும், பகுப்பாய்வுக் கருவியின் எரிகுழாயையும் அரிக்கும். அமில ஆவியில் வைக்கும் முறையில் கழுவல் இல்லை என்பதால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

மொத்தக் கார்பனிலிருந்து கனிமக் கார்பனைக் கழிக்கும் முறையில் அமிலத் தொல்லை கிடையாது. ஆனால் மொத்தம் 10.3, கனிமம் 10.0, ஒவ்வொன்றிலும் பிழை 0.1 என்றால், மிச்சம் 0.3, அதன் பிழை 0.14. கார்பனேட் மிகுந்த, கரிமம் குறைந்த அடுக்குகளுக்கு அந்த எண்ணால் பயனில்லை. மஹோகனி போல 15 சதவீதம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

ராக்‑எவால் கருவியில் மாதிரியை 300 டிகிரியில் சில நிமிடம் வைத்து, பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரி ஏற்றி, வெளிவரும் ஹைட்ரோகார்பனையும் கார்பன் டை ஆக்சைடையும் அளப்பார்கள். மஹோகனியின் ஹைட்ரஜன் குறியீடு, அதாவது ஒரு கிராம் கரிமக் கார்பனுக்கு வெளிவரும் ஹைட்ரோகார்பன் மில்லிகிராமில், 800ஐத் தாண்டுவது சகஜம். ஹைட்ரஜன் மிகுந்த முதல் வகைக் கெரோஜனுக்கு உலகமெங்கும் இதுதான் எடுத்துக்காட்டு. சிக்கல் கார்பன் டை ஆக்சைடை வைத்துக் கணக்கிடும் ஆக்சிஜன் குறியீட்டில். டாசனைட் 350 டிகிரியை ஒட்டிச் சிதைந்து விடும் கார்பன் டை ஆக்சைடை, கருவி கெரோஜனிலிருந்து வந்ததாக எண்ணிக்கொள்ளும். நல்ல பாசிக் கெரோஜன், இரு குறியீடுகளையும் குறிக்கும் வரைபடத்தில், ஆக்சிஜன் கூடும் வலப்பக்கம் நகர்ந்து நிலத்தாவரச் சாயல் காட்டும். இப்படி ஒரு மாதிரி தனியாக விலகி நின்றால், கரையிலிருந்து மரக்கட்டை வந்தது என்று கதை எழுதும் முன் எக்ஸ்‑கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் டாசனைட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாறையைச் சூடாக்கி எண்ணெயை அளக்கும் பழைய ஃபிஷர் சோதனையும் இப்படித்தான்: 2.38 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும்படி நொறுக்கிய 100 கிராம், அலுமினிய வாலையில், நிமிடத்துக்கு 12 டிகிரி வீதம் 500 வரை ஏற்றி 40 நிமிடம் வைப்பது. எண்ணெய் அளவை நம்பலாம். தண்ணீர் அளவும், கழித்தலில் வரும் வாயு அளவும் நாகோலைட், டாசனைட் அடுக்குகளில் ஊதிப்போகும். வளத்தை டன்னுக்கு இத்தனை கேலன் என்று சொல்வார்கள். அமெரிக்கச் சிறு டன் என்பதால் 25 கேலன் என்றால் நம் மெட்ரிக் டன்னுக்கு 104 லிட்டர்.

எந்த முறையில் அளந்தாலும் முடிவை இரண்டு விதமாக எழுதுவது நல்லது: மொத்தப் பாறைக்கு இத்தனை, கரையும் உப்பைக் கழித்தபின் இத்தனை. ஏரி எப்படி இருந்தது என்பதற்கு இரண்டாவது எண், பாறையில் என்ன கிடைக்கும் என்பதற்கு முதல் எண். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து வைத்த தரவு எதற்கும் உதவாது.

பழைய உயிரிகளின் அடையாளமாகப் பாறையில் மிஞ்சும் உயிர்க்குறி மூலக்கூறுகளைப் பற்றி ஒன்று மட்டும். காமாசெரேன் என்ற மூலக்கூறு தெரிந்தால் உப்பேரி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதன் தாய் மூலக்கூறான டெட்ராஹைமனாலைத் தயாரிப்பவற்றில் முக்கியமானவை, ஆக்சிஜன் உள்ள நீருக்கும் இல்லாத நீருக்கும் இடைப்பட்ட எல்லையில் பாக்டீரியாவைத் தின்று வாழும் சிலியேட்டுகள் என்ற ஒருசெல் உயிரிகள். எனவே அது முதன்மையாகக் காட்டுவது அடுக்கு விழுந்த நீரை. உப்பு அந்த அடுக்குக்கு ஒரு காரணம், அவ்வளவே. உப்புக்குத் தனிச் சாட்சி வேண்டுமென்றால் பீட்டா‑கரோட்டேன், பிரிஸ்டேனை மிஞ்சும் ஃபைட்டேன் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கந்தகம் மிகுந்த ஜியாங்ஹான் வகை மாதிரிகளில் அதுவும் போதாது. ஃபைட்டேன் சங்கிலியின் பெரும்பகுதி கந்தகத்தோடு கட்டப்பட்டு, எண்ணெயின் கனத்த பகுதியான அஸ்பால்டீனுக்குள் ஒளிந்திருக்கும். நேரடியாக வாயு நிறப்பகுப்பில் செலுத்தினால் பிரிஸ்டேன்‑ஃபைட்டேன் விகிதம் பொய்யாக உயர்ந்து தெரியும். ரேனி நிக்கல் கொண்டு கந்தகத்தைக் கழற்றி, வெளிவந்த சங்கிலிகளையும் சேர்த்து எண்ணிய பிறகே அந்த விகிதத்தை எழுத வேண்டும்.